காரின் கூரையும் நனைந்த தானியமும்



எங்கள் மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்றவற்றுள் மழையைக் கண்டு அஞ்சவேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது 1982ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட மெர்சிடீஸ் 200 கார். டபிள்யூ 123 என்னும் வகையைச் சேர்ந்தது. 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் அந்த வகையில் வெளிவந்தன. கொழும்பு வீதிகளில் இன்றும் அவற்றைக் காணலாம். வாப்பா 1994இல் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். பழைய ஸ்ரீ இலக்கத் தகடு, கிரீம் நிறம், கூரையின் நடுவே பின்னோக்கி நகரும் ஓர் இரும்புத் தகடு. கண்ணாடிக்கு மேலே உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் கூரை திறக்கும். அதனைச் சுழற்றும் உரிமைக்காக நாங்கள் சகோதரர் இருவரும் சிறுவயதில் அடித்துக்கொண்டதுண்டு.

வெயிலைக் காண்பது அரிதான ஐரோப்பியர், கிடைக்கும் சூரியனைக் காருக்குள் வரவழைக்க விரும்பிச் செய்துகொண்ட வசதி அது. கொழும்பில் நண்பகலில் யார் அதனைத் திறப்பார்? வாப்பா ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே திறப்பார். ரமழானின் இருபத்தொன்பதாம் நாள் நோன்பு திறந்ததும் எங்களை ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடலுக்குச் செல்வார். காரைக் கடலை நோக்கி நிறுத்தியபின் கூரை திறக்கப்படும். தங்கையை நடுவில் நிறுத்தி, மூவரும் தலையை வெளியே நீட்டி மேற்கு வானில் பிறையைத் தேடுவோம். பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பு வானொலியில் வருவதற்கு முன் எங்களுக்குப் பிறை தெரிந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பெரும்பாலும் மேகம்தான் தெரிந்தது.

வாப்பாவின் பார்வை மங்கிய பின்னர் கார் தெஹிவளை வீட்டின் முற்றத்தில், ஜம்பு மரத்தின் கீழ் நின்றது. மூன்று ஆண்டுகள் அப்படியே நின்றது என்று சொல்லலாம். வாரத்துக்கொரு முறை எஞ்சினை இயக்கி, துணியால் துடைத்துவைப்பதோடு எங்கள் பராமரிப்பு முடிந்துவிடும். ஜம்பு பூக்கும் காலத்தில் அதன் இளஞ்சிவப்பு இழைகள் கூரையெங்கும் கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும். அழகாக இருக்கிறதென்று படம்கூட எடுத்தோம்.

ஓர் ஒக்டோபர் மாதத்து மாலை வாப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் விடயம் தெரியவந்தது. முந்திய இரவு பெருமழை. சந்தியில் பிரேக் அழுத்தியதும் கூரையின் முன்விளிம்பிலிருந்து ஒரு குவளை நீர் அப்படியே வாப்பாவின் மடியில் கொட்டியது. நாங்கள் பதறினோம். அவர் சிரித்தார். "ரஹ்மத்து ஆளத் தேடி வந்து விழுது. துண்டத் தாங்க மகன்" என்றார். மழை பெய்தபோது நபி (ஸல்) அவர்கள் தம் மேனியில் அது படும்படி ஆடையை விலக்கிக்கொண்டதையும், அது இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்திருப்பதாகக் காரணம் கூறியதையும் அனஸ் (ரலி) அறிவித்திருப்பதாக வழியெல்லாம் எங்களுக்கு எடுத்துச்சொன்னார். ஈரச் சாரத்துடனேயே மருத்துவரைப் பார்த்துத் திரும்பினார்.

அந்த வார இறுதியில் நாங்கள் செய்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம். வன்பொருள் கடையில் இரண்டு சிலிக்கன் குழாய்கள் வாங்கினோம். கூரைத் தகட்டைச் சுற்றியிருந்த இடைவெளி முழுவதையும் அதனால் அடைத்தோம். வினாகிரி வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வாசம் வரும் சிலிக்கன் காயும்போது அசெற்றிக் அமிலத்தை வெளிவிடும் என்பதும், பூச்சு உரிந்த இரும்பை அது அரிக்கும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்கு ஒழுக்கு நின்றது. கூரை இனித் திறக்காது என்பதை வாப்பாவிடம் சொன்னோம். "பிற பாக்க இனி ஆரு போற" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் வாப்பா வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உம்மாவின் இத்தா ஜனவரி நடுப்பகுதியில் நிறைவடைந்தது. அதுவரை சொத்துப் பேச்சு எதுவும் வேண்டாமென இருந்தோம். அடக்கச் செலவுகளும் கடன்களும் தீர்ந்த பின்னர் மீந்தவற்றைக் கணக்கிட்டோம். கார் நால்வருக்கும் உரியது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதை ஐந்தாக்கி எங்கள் இருவருக்கும் இவ்விரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு. காரை வெட்டிப் பிரிக்க இயலாது. ஆகவே விற்பது என்று முடிவாயிற்று.

விற்பனைக்கு முன் ஒரு கராஜில் காருக்கு மெருகூட்டினோம். அங்கே எங்கள் சிலிக்கன் பட்டையை மழித்துச் சமப்படுத்தி, அதன்மேல் கிரீம் நிறம் பூசித் தந்தார்கள். உட்கூரைத் துணியில் இருந்த பழுப்புக் கறைகள் புதுத் துணிக்குள் மறைந்தன. காருக்குள் பூஞ்சண வாசம் இலேசாக இருந்தது. வாசனைக் குப்பி ஒன்றைத் தொங்கவிட்டோம். இவற்றை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக, நியாயமான வேலைகளாகவே எங்களுக்குத் தோன்றின.

பெப்ரவரியில் கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்தார். சிங்களவர், மிகுந்த மரியாதையானவர். வானம் வெளுத்திருந்தது, பல நாட்களாக மழையில்லை. எஞ்சினைக் கேட்டார், கீழே படுத்துப் பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடினார். கூரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 32 இலட்சம் ரூபாய்க்கு இணங்கி, ஞாயிறன்று பணத்துடன் வருவதாகக் கூறிச் சென்றார்.

அன்றிரவு உணவின்போது உம்மா கேட்டார்:

"அவருக்கிட்ட மழையப் பத்திச் செல்லினீங்களா மகன்?"

"அவர் கேக்கல்ல உம்மா."

"அவர் கேட்டாரா எண்டு நான் கேக்கல்ல."

அவ்வளவுதான். எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாப்பா பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்தவர். கல்லை வாங்க வருபவரின் கையில் முதலில் டோர்ச்சைக் கொடுப்பார். உள்ளே கீறல் இருந்தால் எந்தப் பக்கம் பிடித்தால் தெரியும் என்று அவரே திருப்பிக் காட்டுவார். சூடேற்றி நிறம் கூட்டிய கல்லென்றால் விலை பேசுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார். ஏன் என்று சிறுவயதில் நாங்கள் கேட்டபோதெல்லாம் ஒரே ஹதீஸைத்தான் சொல்வார். மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்துசென்ற நபி (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமாயின. இதென்ன என்று வணிகரிடம் வினவினார்கள். மழை பட்டுவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஆக, மார்க்கம் தெரியாமல் செய்த பிழை என்று நாங்கள் தப்பித்துக்கொள்ள வழியில்லை. எங்கள் மத்ஹபில் விற்பவர் தாம் அறிந்த குறையைச் சொல்லியாக வேண்டும் என்பதும், மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் மத்ரஸாவில் படித்தவைதாம். அந்த ஹதீஸை எத்தனையோ முறை கேட்டும் ஒன்றை நாங்கள் கவனித்திருக்கவில்லை. மழை அந்த வணிகரின் குற்றமன்று. தானியம் நனைவது யாருக்கும் நேரக்கூடியது. நனைந்ததைக் கீழே தள்ளி உலர்ந்ததை மேலே பரப்பிய அந்தச் சிறு நேரத்து வேலையைப் பற்றித்தான் அவரிடம் கேள்வி எழுந்தது. எங்கள் விடயத்தில் அந்த வேலைக்குச் சிலிக்கன், பூச்சு, துணி, வாசனைக் குப்பி என்று நான்கு பொருட்கள் தேவைப்பட்டிருந்தன.

இருந்தும் உடனே தொலைபேசியை எடுத்துவிடவில்லை. இரவு நெடுநேரம் வாதிட்டோம். பங்காளிகளுக்காகத்தானே நல்ல விலை தேடுகிறோம் என்றோம். தங்கையின் கணவர் கடையை மூடவேண்டிய நிலையில் இருந்தார். அவளுக்குப் பணம் உண்மையாகவே தேவைப்பட்டது. குறையைச் சொல்லி விலை விழுந்தால் அவளுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோமல்லவா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். காலையில் அவளிடமே கேட்டோம். "என்ட பங்கு அந்தக் காரிலதான் ஈக்கிது. கார் எப்படியோ பங்கும் அப்படித்தான். எனக்காக எண்டு செல்ல வேணாம்" என்றாள்.

கண்டிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, நன்றி கூறி, தமக்குக் கார் வேண்டாம் என்றார். உண்மையைச் சொன்னதும் மனம் இலேசாகிவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரங்கள் வேறு எவரும் வரவில்லை. 32 இலட்சம் என்ற எண் தூக்கத்திலும் வந்தது.

மார்ச் மாதத்தில்தான் அந்தக் கூரையை ஒழுங்காகத் திறந்து பார்ப்போம் என்று துணிந்தோம். தெமட்டகொடையில் பழைய கார்களிலேயே கைநரைத்த ஒரு டிங்கர் பாஸிடம் கொண்டுபோனோம். எங்கள் சிலிக்கனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கினார். இதே வகைக் கூரையுள்ள கார் வைத்திருக்கும் வாசகர் சிலர் இருக்கலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அந்தத் தகட்டைச் சுற்றியுள்ள வெல்வெட் போன்ற பட்டை நீரை முற்றாகத் தடுப்பதற்காக வைத்ததன்று. காற்றின் இரைச்சலைக் குறைக்கும், பெருமளவு நீரைப் புறந்தள்ளும். மீதி நீர் உள்ளே இறங்கும் என்று கணக்கிட்டே அந்தக் கூரையைச் செய்திருக்கிறார்கள். தகட்டின் கீழே, உட்கூரைத் துணிக்கு மேலே, நான்கு பக்கமும் ஓடும் ஒரு பீலி இருக்கிறது. வீட்டுக் கூரையின் பீலியைப் போன்றதே. அதன் நான்கு மூலைகளிலிருந்தும் விரல் நுழையாத அளவு மெல்லிய குழாய்கள் புறப்படுகின்றன. முன்னிரண்டும் முன்கண்ணாடித் தூண்களுக்குள் இறங்கி முன்கதவுக் கீல்களின் பக்கம் நீரை வெளியே விடும். பின்னிரண்டும் பின்தூண்களுக்குள் இறங்கிப் பின்சில்லுப் பக்கம் விடும். நீர் வரத்தான் செய்யும், போக வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார் பாஸ். கஃபாவின் கூரையில் விழும் மழை ஹிஜ்ரின் பக்கம் இறங்குவதற்கு மீஸாபுர் ரஹ்மா என்ற பொன்வாய் இருக்கிறதே, எங்கள் கூடத்துச் சுவரில் அதன் படமும் தொங்குகிறதே என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் காரில் நான்கு குழாய்களுள் மூன்று முற்றாக அடைபட்டிருந்தன. அடைத்திருந்தவை நாங்கள் படமெடுத்து மகிழ்ந்த அந்த ஜம்புப் பூவிழைகள். தூசியோடு சேர்ந்து கறுத்து, கயிறு திரித்ததுபோல் வெளிவந்தன. எங்கள் முற்றம் வீதியை நோக்கிச் சரிந்தது. காரை எப்போதும் அதே முகமாக நிறுத்துவோம். ஆகவே நீரெல்லாம் முன்பீலியிலேயே தேங்கி, பிரேக் பிடித்ததும் மடியில் விழுந்திருக்கிறது. காரைச் செய்தவர்கள் மீது இதில் எந்தப் பழியும் இல்லை.

சிலிக்கனால் நாங்கள் செய்த கெடுதி அதைவிடப் பெரியது. அழுக்குப் படிந்த பூச்சின்மேல் அது எங்கும் சீராக ஒட்டவில்லை. ஒட்டாத மயிரிழை இடைவெளிகளால் நீர் உள்ளே போயிற்று; காற்று புகாததால் காயவில்லை. முன் இடது மூலையில் சுண்டுவிரல் நுழையுமளவு துரு ஓட்டை. முன்பக்கக் கார்பெட்டைத் தூக்கினால் அடியிலுள்ள பஞ்சு நனைந்த மெத்தையாகக் கிடந்தது. மேலே தொட்டால் உலர்ந்திருந்தது. அதைப் பிழிந்தபோது எங்களில் எவரும் எதுவும் பேசவில்லை.

பாஸ் சிலிக்கனைத் தங்கூசி இழையால் அறுத்து, மரத்தகட்டால் சுரண்டி எடுத்தார். துருப்பிடித்த பகுதியை வெட்டி, புதுத் தகடு ஒட்டவைத்து, இணைப்புகளை அடைத்து, துருத்தடுப்புப் பூச்சின் மேல் வண்ணம் பூசினார். குழாய்களுக்குள் அழுத்தக் காற்றை அடிக்கலாமே என்றோம். பழைய குழாய் உள்ளே கழன்றுவிட்டால் உட்கூரை முழுவதையும் பிரிக்க நேரும் என்று மறுத்துவிட்டார். தடித்த தங்கூசியின் நுனியைச் சூடாக்கி உருண்டையாக்கி, மேலிருந்து மெதுவாகச் செலுத்தி, இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார். வெடித்திருந்த ஒரு குழாயை மாற்றினார். புதுப் பட்டையைப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தோம். கடைசியில் தகட்டின் உயரத்தைச் சரிசெய்தார். முன்விளிம்பு கூரையைவிட ஒரு மில்லிமீற்றர் அளவு தாழ்ந்தும், பின்விளிம்பு அதே அளவு உயர்ந்தும் இருக்கலாம். மாறி இருந்தால் ஓடும்போது காற்று முன்விளிம்பில் மோதி இரைச்சல் எழும்.

ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளை நீரை ஊற்றினோம். நான்கு இடங்களிலும் கீழே ஒழுகியது. தரையில் விரித்த செய்தித்தாள்கள் உலர்ந்தே இருந்தன. பாஸ் கைப்பிடியை எங்களிடம் விட்டார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் கூரை திறந்தது. இந்த வயதிலும் யார் சுழற்றுவது என்று ஒரு கணம் இழுபறி நடந்தது.

செலவு 185,000 ரூபாய். பெரும்பகுதி நாங்கள் கைவைத்ததால் வந்த சேதம் என்பதால் அதனைச் சொத்தில் கழிக்காமல் நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம். தங்கை மறுத்தாள். நாங்கள் கேட்கவில்லை.

ஏப்ரலில் கண்டிக்காரர் தாமாகவே அழைத்தார். கார் இன்னும் இருக்கிறதா என்றார். திருத்தியதையும், வெட்டி ஒட்டிய இடத்தையும், படங்களோடு அனுப்பினோம். மழை பெய்யும் நேரமாகப் பார்த்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஏப்ரல் மாதத்துக் கொழும்பில் அது பெரிய காரியமில்லை. பிற்பகல் மூன்றரைக்கு வானம் இருண்டு இடியுடன் கொட்டியது. காரில் அவரை அமர்த்தி மருதானை வரை சென்று திரும்பினோம். ஒவ்வொரு சந்தியிலும் பிரேக் அழுத்தும்போது எங்கள் கண்கள் அவருடைய மடிமீதே இருந்தன. பின்பு அவரே குவளையை வாங்கி நான்கு மூலைகளிலும் நீரூற்றிப் பார்த்தார். கார்பெட்டைத் தூக்கிக் கையை அடியில் நுழைத்தார். விரல்களை உரசிப் பார்த்தார்.

28 இலட்சம் தந்தார். முன்னையதைவிட 4 இலட்சம் குறைவு. உம்மாவின் பங்கில் 50,000, தங்கையின் பங்கில் 70,000, எங்கள் ஒவ்வொருவரிலும் 140,000 குறைந்தது. உம்மா தம் பங்கை வாங்கிப் பிஸ்மில்லாஹ் சொல்லி எண்ணி, ஒரு பகுதியை வாப்பாவின் பெயரால் ஸதகாவுக்கு ஒதுக்கினார். காரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது வாசலைக் கடந்தபோது மட்டும் ஜன்னலருகே வந்து நின்றார்.

ஜூன் மாதம் கண்டியிலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சு திக்கென்றது. கண்டியில் மூன்று நாட்களாக விடாத மழையாம். உள்ளே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் பின் வலது குழாயில் நீர் மெதுவாக இறங்குகிறது, அந்தத் தங்கூசி எத்தனை தடிப்பு என்று கேட்டார். பேருவளைத் துறைமுகத்துக் கடையில் வாங்கிய சுருளில் மீதி இருந்தது. இரண்டு மீற்றர் வெட்டி, நுனியைச் சுட்டு உருட்டி, மறுநாள் தபாலில் அனுப்பினோம். காரை எந்த மரத்தின் கீழ் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டோம். மா மரம் என்றார்.